ஓதத்தை எதிர்த்து இன்ஜினில் போக: பாய்மரப் படகுக்குப் புரொப்பல்லர் தேர்ந்தெடுப்பது எப்படி?

இங்கிலாந்தின் தென்கரையில், பூலிலிருந்து லிமிங்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டோம். அதன் பலன் ஹர்ஸ்ட் முனையில் தெரிந்தது. ஓதத்தின் ஏற்றம் முடிந்து, சோலண்ட் நீர்ச்சந்தியின் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாசல் வழியாக மேற்கே வடிந்துகொண்டிருந்தது. லேசான கிழக்குக் காற்று, அதுவும் எதிரே. பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினை முறுக்கினோம். நீரில் படகின் வேகத்தைக் காட்டும் லாக் மீட்டர் 4.7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றது, தரைமேல் வேகத்தைக் காட்டும் ஜிபிஎஸ் 0.6 என்றது. 1867-இல் கட்டி முடித்த வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே கரையில் நிற்கிறது. முக்கால் மணி நேரம் அதன் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இன்ஜினில் கோளாறு இல்லை. முந்தைய சொந்தக்காரர் பந்தயத்துக்காக மாட்டியிருந்த சின்ன இரண்டு பிளேடு மடக்குப் புரொப்பல்லர்தான் காரணம். அதை மாற்றும்போது நான் போட்ட கணக்குகளையும் செய்த தவறுகளையும் வரிசையாகச் சொல்கிறேன். எண்கள் என் படகுடையவை: நீளம் 32 அடி, நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அளந்தது) 26 அடி, எடை சுமார் 5 டன், 29 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது புரொப்பல்லருக்குச் சுமை கூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கூடுவதில்லை. படகும் புரொப்பல்லரும் அந்தத் தண்ணீருக்குள்ளேயேதான் இருக்கின்றன. தண்ணீர் மொத்தமாக மேற்கே நகர்கிறது என்பது புரொப்பல்லருக்குத் தெரியாது. கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் மேல்நோக்கி ஏறுவதைப் போல: ஒவ்வொரு படிக்கும் காலுக்கு அதே உழைப்புதான், போய்ச் சேரும் தூரம்தான் குறைகிறது.

சுமையைக் கூட்டுவது வேறு மூன்று: எதிர்க்காற்று, அலை, அழுக்கேறிய படகின் அடிப்பாகம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றும் நீரோட்டமும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால்தான் அலை செங்குத்தாக எழும். இரண்டும் உங்களுக்கு எதிரே இருந்தால் அவை ஒரே திசையில் போகின்றன. கடல் ஓரளவு படிந்தே இருக்கும், காற்றின் தடை மட்டும் மிஞ்சும். ஆனால் ஹர்ஸ்ட், போர்ட்லண்ட் பில், ஆல்டர்னி ரேஸ் போன்ற, ஓட்டம் உக்கிரமான இடங்களில் கடலடி மேடுபள்ளமே தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றே இல்லாத நாளிலும் பின்பக்கம் தூக்கிப் போடும். அந்தக் கலங்கிய நீரில் பிடிப்பு வேண்டும்.

ஆகவே நாம் தேடுவது தனி ‘ஓதப் புரொப்பல்லர்’ அல்ல. எதிர்க்காற்றிலும் கலங்கிய நீரிலும் படகின் வேகத்தை விழவிடாத புரொப்பல்லர்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை?

4 நாட் ஓட்டத்தை எதிர்த்து 2 கடல் மைல் போக வேண்டும் என்று வைப்போம். நீரில் படகின் வேகம் 4.5 நாட் என்றால் 4 மணி நேரம் ஆகும். 5 நாட் என்றால் 2 மணி நேரம். 5.5 என்றால் 1 மணி 20 நிமிடம். 6 என்றால் 1 மணி நேரம். 6.5 என்றால் 48 நிமிடம்.

இதே 2 மைலை ஓட்டமே இல்லாத நீரில் போனால், 5 நாட்டுக்கும் 6 நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 4 நிமிடம். ஓட்டத்தில் அது 1 மணி நேரம். அமைதியான ஏரியில் படகு ஓட்டுபவர் அரை நாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நாம் படவேண்டும். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அந்த அரை நாட்டைத் தேடித்தான்.

அதற்கு ஓர் எல்லையும் உண்டு. நீரைப் பிளந்து போகும் படகின் உச்ச வேகத்தை ‘நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலம் × 1.34’ என்று கணக்கிடுவார்கள். 26 அடிக்கு 6.8 நாட். அதற்கு மேல் எவ்வளவு குதிரைத்திறன் கொட்டினாலும் பின்னால் பெரிய அலைதான் கிளம்பும்.

அப்புறம் எரிபொருள். தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், தரைமேல் ஒவ்வொரு மைலுக்கும் மிகக் குறைந்த டீசல் செலவாகும் வேகம் நீரோட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. 3 நாட் ஓட்டத்துக்கு 4.5, 4 நாட்டுக்கு 6. இதைத் திருப்பிப் போட்டால் நல்ல விதி ஒன்று கிடைக்கும்: உங்கள் படகு சிரமமில்லாமல் போகும் வேகத்தை 1.5-ஆல் வகுங்கள். வருவதுதான் நீங்கள் மோதத் தகுந்த ஓட்டம். என் படகுக்கு 6 ÷ 1.5, அதாவது 4 நாட். பெரிய ஓதத்தில் 7 நாட்டைத் தாண்டும் ஆல்டர்னி ரேஸை எந்தப் புரொப்பல்லராலும் என்னால் வெல்ல முடியாது. அங்கே கடிகாரம்தான் கருவி.

படி 2: இன்ஜின், கியர்பாக்ஸ் தகடுகளைப் படியுங்கள்

தேவை மூன்று எண்கள்: இன்ஜினின் உச்சத் திறன், அந்தத் திறன் கிடைக்கும் சுற்று வேகம், கியர்பாக்ஸ் குறைப்பு விகிதம். என்னுடையவை 29 குதிரைத்திறன், 3600 ஆர்பிஎம், 2.62. ஆக ஷாஃப்ட், அதாவது புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்கு 3600 ÷ 2.62 = 1374 சுற்று.

விகிதத்தை ஞாபகத்தில் நம்பாதீர்கள். ஒரே மாதிரி கியர்பாக்ஸ் 2.21, 2.62, 3.22 என்று வெவ்வேறு விகிதங்களில் வரும், வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நான் பழைய ரசீதைப் பார்த்து 2.21 என்று எழுதிக்கொண்டு, அதற்கேற்ற புரொப்பல்லருக்கு விலையும் கேட்டுவிட்டேன். பிறகுதான் டார்ச் அடித்துத் தகட்டைப் படித்தேன். முன்னோக்கு கியருக்கும் பின்னோக்கு கியருக்கும் சில பெட்டிகளில் விகிதம் மாறும். நமக்கு முன்னோக்கு விகிதம்.

படி 3: இப்போதிருப்பதை அளந்து பாருங்கள்

புதியது வாங்கும் முன் பழையது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அடிப்பாகம் சுத்தமாக இருக்கும்போது, டேங்குகளை நிரப்பி, வழக்கமான சாமான்களோடு, காற்றில்லாத காலையில் வெளியே போங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் கியரில் முழுத் திராட்டில் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள்.

சுற்று 3600-ஐத் தொட்டால் பொருத்தம் சரி. 3200-லேயே நின்று கறுப்புப் புகை கக்கினால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், படி 5-இல் வருகிறது) அல்லது விட்டம் அதிகம். இன்ஜின் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். இப்படியே ஓட்டினால் கரி படியும், சூடேறும். சிரமமே இல்லாமல் 3600-ஐத் தாண்டி, சுற்றுக்கு எல்லை போடும் கவர்னர் என்ற பாகம் தடுக்கும் வரை போனால் புரொப்பல்லர் சிறியது. என்னுடையது இந்த மூன்றாவது வகை. குதிரைகள் லாயத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தன.

ஓர் எச்சரிக்கை: ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கும் டாக்கோமீட்டர்கள் பொய் சொல்லும். ஒளியை வைத்து அளக்கும் கைக்கருவி மலிவாகக் கிடைக்கிறது. இன்ஜின் முன்சக்கரத்தில் ஒரு துண்டு ஒளிர்நாடா ஒட்டிச் சரிபார்த்துவிடுங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் அளந்தால் போகவும் வரவும் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

இதே சோதனையை எதிர்க்காற்றில் ஒருமுறை செய்து பாருங்கள். சுற்றும் வேகமும் எவ்வளவு விழுகின்றன என்று குறித்து வையுங்கள். ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்கள்தான் அதிகம் பேசும்.

படி 4: விட்டம்

மெதுவாகப் போகும் கனமான படகுக்கு, பெரிய விட்டமும் மெதுவான சுழற்சியுமே திறம்பட உந்தும். ஆகவே இடம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரியது.

இடத்தை அளக்க, புரொப்பல்லர் வரும் இடத்தில் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து படகின் அடிப்பாகம் வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். பிளேடு நுனிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி வேண்டும். 16 அங்குலப் புரொப்பல்லருக்கு 8 அங்குலம் ஆரம், அதோடு ஏறத்தாழ 2 அங்குலம் இடைவெளி, மொத்தம் 10. இதைவிட நெருங்கினால் ஒவ்வொரு பிளேடும் கடக்கும்போது படகு ‘டம் டம்’ என்று அதிரும்.

எவ்வளவு விட்டம் தேவை என்பதற்கு மூன்று பிளேடு புரொப்பல்லர்களுக்கான வாய்ப்பாடு ஒன்று உண்டு. குதிரைத்திறனின் 0.2 அடுக்கை 632.7-ஆல் பெருக்கி, ஷாஃப்ட் சுற்றின் 0.6 அடுக்கால் வகுக்க வேண்டும். போன் கால்குலேட்டரே போதும். கியர்பாக்ஸ் இழப்பு போக எனக்கு 27 குதிரைத்திறன். 27-இன் 0.2 அடுக்கு 1.93, 1374-இன் 0.6 அடுக்கு 76.4. விடை 16 அங்குலம். இரண்டு பிளேடு என்றால் 5 சதவீதம் கூட்டுங்கள், கிட்டத்தட்ட 17. பழையது 14 அங்குலம்தான் என்பதைப் பார்த்தபோது, ஹர்ஸ்டில் நின்ற முக்கால் மணி நேரத்துக்குக் காரணம் புரிந்துவிட்டது.

கணக்கு சொல்வது 16, இடம் இருப்பது 15 என்றால் 15 வாங்கிப் பிட்ச்சைச் சற்றுக் கூட்டலாம். ஓர் அங்குல விட்டம் சுமையில் ஏறத்தாழ 2 அங்குலப் பிட்ச்சுக்குச் சமம். ஆனால் கலங்கிய நீரில் பிடிப்பு கொஞ்சம் குறையும்.

படி 5: பிட்ச்

பிட்ச் என்பது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றில் புரொப்பல்லர் வழுக்காமல் முன்னேறக்கூடிய தூரம். ‘பிட்ச் அங்குலம் × ஷாஃப்ட் சுற்று ÷ 1215’ என்று போட்டால் வழுக்கலில்லாத வேகம் நாட்டில் வரும். 11 அங்குலத்துக்கு 11 × 1374 ÷ 1215 = 12.4 நாட். நிஜத்தில் இப்படிப்பட்ட படகில் 45 முதல் 50 சதவீதம் வழுக்கிப் போகும். 46 சதவீதம் கழித்தால் 6.7 நாட், என் படகின் உச்சத்தை ஒட்டியே வருகிறது. ஆகவே 16-க்கு 11.

நீரோட்டத்தை எதிர்க்கிறோமே, இன்னும் கொஞ்சம் பிட்ச் போடுவோம் என்ற ஆசை இந்த இடத்தில்தான் வரும். வேண்டாம். எதிர்க்காற்றில் படகின் வேகம் விழும்போது பிளேடு தண்ணீரை இன்னும் செங்குத்தான கோணத்தில் வெட்டுகிறது. சுமை ஏறுகிறது, இன்ஜின் சுற்று விழுகிறது, சுற்றோடு திறனும் விழுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் டாப் கியரில் ஏறும் லாரியின் கதிதான். நீரோட்டம் மேடு அல்ல, எதிர்க்காற்று மேடு. மேட்டுக்குக் கீழ் கியர் வேண்டும்.

நான் பின்பற்றும் வழி: சுத்தமான அடிப்பாகத்தோடு, அமைதியான நீரில், முழுத் திராட்டிலில் குறிப்பிட்ட சுற்றை 50 முதல் 100 ஆர்பிஎம் தாண்ட வேண்டும். ஆகஸ்ட் மாதப் பாசியும் எதிர்க்காற்றும் அந்த உபரியைத் தின்றுவிடும். பிட்ச்சை ஓர் அங்குலம் மாற்றினால் என் இன்ஜின் போன்ற ஒன்றில் உச்சச் சுற்று 200 முதல் 300 வரை மாறும். 80 சதவீதச் சுற்றில், அதாவது 2900 ஆர்பிஎம்மில், திறன் பாதிதான் செலவாகும். அங்கேயே மணிக்கணக்கில் ஓட்டலாம்.

படி 6: எந்த வகை?

*நிலையான இரண்டு பிளேடு.* மலிவு. அமைதியான நீரில் மோசமில்லை. நீளமான கீலுக்கு (படகின் அடியில் நீண்டிருக்கும் தடுப்பு) பின்னால் இருந்தால் இரண்டு பிளேடும் ஒரே நேரத்தில் அதன் நிழலில் மறையும், அதிரும். ஓதம் பலமான ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

*நிலையான மூன்று பிளேடு.* கொடுக்கும் காசுக்கு இதைவிட உந்துவிசை கிடையாது. சில நூறு பவுண்டில் முடிந்துவிடும். அலையில் பின்பக்கம் தூக்கும்போதும் பிடியை விடாது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: பாயில் போகும்போது வாளியைக் கட்டி இழுப்பதுபோல அரை நாட்டிலிருந்து ஒரு நாட் வரை தின்னும். முதல் படியின் கணக்கை இங்கே மறந்துவிடக் கூடாது. ஓட்டத்தை எதிர்த்துப் பாயில் போகும்போதும் அந்த அரை நாட் அதே விலைதான் கேட்கும்.

*மடங்கும் வகை.* டென்மார்க்கின் ஃப்ளெக்ஸோஃபோல்ட், கோரி போன்றவை. பாயில் போகும்போது பிளேடுகள் மொட்டுபோலக் குவிந்துகொள்ளும். மூன்று பிளேடு உள்ள நவீன மாதிரிகளின் முன்னோக்கு உந்துதல் நிலையானதற்கு வெகு அருகில் வருகிறது, ஏனென்றால் பிளேடுக்கு முறையான முறுக்கு இருக்கிறது. பின்னோக்கி ஓட்டும்போது உந்துவிசையே பிளேடை மடக்கப் பார்க்கும். சுழலும் வேகம்தான் விரித்துப் பிடிக்கிறது. அதனால் ரிவர்ஸில் கொஞ்சம் தயங்கும்.

*சாய்ந்துகொள்ளும் வகை.* இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப், நியூசிலாந்தின் கிவிப்ராப் போன்றவை. பிளேடு மடங்காது, நீரோட்டத்துக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நிற்கும். ரிவர்ஸில் பிளேடு தலைகீழாகத் திரும்பிக்கொள்வதால் பின்னோக்கியும் முழுப் பலம். பிளேடு தட்டையாக இருப்பதால் முன்னோக்கில் சில சதவீதம் இழப்பு உண்டு. பல மாதிரிகளில் பிட்ச்சை நாமே மாற்றலாம். கணக்கில் சந்தேகம் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

*தானே பிட்ச் மாற்றும் வகை.* பிரிட்டனின் ப்ரண்டன்ஸ் ஆட்டோப்ராப். சுமை ஏறினால் பிட்ச் தானாகக் குறையும், சுமை இறங்கினால் கூடும். நாம் பேசும் வேலைக்குக் கொள்கையளவில் மிகப் பொருத்தம். கனம் அதிகம், விலையும் அதிகம், பேரிங்குகளுக்குப் பராமரிப்பு வேண்டும்.

மடங்கும், சாய்ந்துகொள்ளும் வகைகள் சுலபமாக ஆயிரம் பவுண்டைத் தாண்டும், மூன்று பிளேடு என்றால் பெரும்பாலும் இன்னும் மேலே. பட்ஜெட் இல்லாவிட்டால் நிலையான மூன்று பிளேடைத் தயங்காமல் மாட்டுங்கள். நான் சாய்ந்துகொள்ளும் மூன்று பிளேடுக்குப் போனேன். லிமிங்டன் ஆற்றிலும் ஓட்டம் உண்டு. படகை நிறுத்தும் இடத்தில் ரிவர்ஸ் உடனே பிடிக்காவிட்டால் பக்கத்துப் படகுக்காரரிடம் பேச வேண்டியிருக்கும்.

படி 7: ஆர்டர் கொடுக்கும் முன்

ஷாஃப்ட்டின் விட்டம், நுனிக் கூம்பின் சரிவு (மெட்ரிக் என்றால் பொதுவாக 1:10, பழைய அங்குலக் கணக்கு என்றால் 1:12), சாவிப் பள்ளத்தின் அகலம், சுழலும் திசை ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். பின்னால் நின்று முன்னே பார்க்கும்போது, முன்னோக்கு கியரில் கடிகார முள் திசையில் சுற்றினால் வலக்கை. ஊகிக்காதீர்கள், ஒருவரைக் கியர் போடச் சொல்லி நேரில் பாருங்கள். சுக்கானுக்கும் புரொப்பல்லர் முனைக்கும் எத்தனை இடைவெளி என்பதையும் அளந்துவிடுங்கள். மடங்கும் வகை குவியும்போது பின்னோக்கி நீளும். செயில்டிரைவ் (ஷாஃப்ட்டுக்குப் பதில் படகின் அடிப்பாகம் வழியே கீழிறங்கும் கால்) என்றால் அதற்கென்றே செய்த நடுக்குடம் (ஹப்) வேண்டும்.

படி 8: மாட்டிய பிறகு

மூன்றாம் படியின் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள். என் படகு அமைதியான நீரில் அரை நாட்டுக்கும் குறைவாகத்தான் முன்னேறியது. ‘இதற்கா இவ்வளவு செலவு’ என்று முகம் தொங்கிவிட்டது. எதிர்க்காற்றில் செய்த சோதனையில் கிட்டத்தட்ட ஒரு நாட் கூடியிருந்தது. சுற்று தவறினால் பிட்ச்சைத் திருத்துங்கள்: நிலையான புரொப்பல்லரை நல்ல பட்டறையில் ஓரிரு அங்குலம் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

பிறகு அதைச் சுத்தமாக வைத்திருங்கள். பிளேடில் ஒட்டும் கொட்டலசு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அரை நாட்டை ஒரே கோடையில் திருடிவிடும். என் படகு ஆறு வாரம் ஓடாமல் நின்றாலே வித்தியாசம் தெரிகிறது. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாக ஆனோடு கரைந்து பாதியானதும் மாற்றுங்கள். வெண்கலம் இளஞ்சிவப்பாக நிறம் மாறினால் அதன் துத்தநாகம் அரித்துப் போகிறது என்று அர்த்தம். அந்த பிளேடை நம்பாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓத அட்டவணையைப் புரட்டத்தான் வேண்டும். ஓட்டம் தொடங்கி முதல் மணி நேர முடிவில் உச்ச வேகத்தில் பாதி, இரண்டாம் மணியில் 90 சதவீதம், மூன்றாம் மணியில் முழுதும், பிறகு அதே வரிசையில் இறங்கும் என்பது பொதுக் கணக்கு. ஒரே ஏற்றத்தில் நீர் இருமுறை உச்சம் தொடும் சோலண்டில் அது பிசகும். அங்கே மணிவாரி நீரோட்ட வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து இரண்டு நாளில் ஓட்டம் உக்கிரம். அஷ்டமி கழிந்து ஓரிரு நாளில் அடங்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே பாதி வேலையைச் சொல்லிவிடும்.

போன வருடம் ஒரு பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி தாமதமாக ஹர்ஸ்டுக்கு வந்தோம். லாக் மீட்டர் 6, ஜிபிஎஸ் 1.7. போயிருக்கலாம். கிழக்குக் காற்றுதான், டோட்லண்ட் விரிகுடா மறைவாக இருந்தது. நங்கூரம் போட்டு, டீ வைத்தோம்.